ஒரு கட்டை குறைச்சல்: டின் விசிலோடு ஆறு நாள்

முதல் நாள், திங்கள், டப்ளின்

அலுவலகத்தில் "மேற்கே கிளேர் மாவட்டத்துப் பக்கம் சும்மா சுற்றிப் பார்க்கப் போகிறேன்" என்று சொல்லித்தான் லீவு வாங்கினேன். முழுப் பொய் இல்லை, பாதி. பையில் ஒரு டின் விசில் இருக்கிறது என்பதையும், நாற்பத்திரண்டு வயதில் ஐரிஷ் இசைக்காரர்கள் பப்பில் கூடி வாசிக்கிற செஷனில் உட்கார்ந்து ஒரே ஒரு மெட்டாவது வாசித்துவிட்டு வரவேண்டும் என்ற ஆசையில் போகிறேன் என்பதையும் மேனேஜரிடம் எப்படிச் சொல்வது?

ஐந்து மாதமாகப் பழகுகிறேன். குரு, மூன்றாம் வகுப்பு படிக்கும் என் மகள். நாங்கள் இருக்கும் அயர்லாந்தில் ஆரம்பப் பள்ளிகளில் அநேகமாக எல்லாப் பிள்ளைகளுக்கும் டின் விசில் சொல்லித் தருகிறார்கள். ஓர் உலோகக் குழல், பிளாஸ்டிக்கில் வாய், ஆறு துளை, அவ்வளவுதான். அவள் பள்ளியில் கற்றதை வாசித்துக் காட்டுவாள், நான் ஆன்லைனில் வாங்கிய என் விசிலில் திருப்பி வாசிப்பேன். "அப்பா, உன்னோடது வேற மாதிரி கேக்குது" என்பாள். கற்றுக்குட்டி வாசித்தால் அப்படித்தான் கேட்கும் என்று விட்டுவிட்டேன். இன்றைய தேதியில் பதினோரு மெட்டு கைவசம்.

கிளம்புவதற்கு முன் எக்செல்லில் ஒரு பட்டியல் போட்டேன். எந்த ஊர், எந்தப் பப், என்ன கிழமை, எத்தனை மணி. மொத்தம் இருபத்து மூன்று செஷன். ஐ.டி.க்காரன் புத்தி.

முதல் வரி, டப்ளின் ஸ்மித்ஃபீல்டில் இருக்கும் காபிள்ஸ்டோன். 2021-இல் இந்தப் பப்பைச் சுற்றி ஹோட்டல் கட்ட விண்ணப்பம் போட்டபோது இசைக்காரர்கள் வாத்தியங்களோடு தெருவில் ஊர்வலமே போனார்கள், மாநகராட்சியும் அனுமதி மறுத்துவிட்டது. நுழைந்ததும் முன்பக்கம் ஒரு மூலையில் ஏழெட்டுப் பேர். மேடை இல்லை, மைக் இல்லை. நம் பக்கம் பார்த்துக்கூட உட்காரவில்லை, ஒருவரை ஒருவர் பார்த்தபடி மேசையைச் சுற்றி உட்கார்ந்திருக்கிறார்கள். ஒருவர் எதையோ ஆரம்பிக்கிறார், இரண்டாவது வரி வருவதற்குள் தெரிந்தவர்கள் எல்லாரும் சேர்ந்துகொள்கிறார்கள். தெரியாதவர் வாத்தியத்தை மடியில் வைத்துவிட்டு ஒரு வாய் குடிக்கிறார். பெயர் அறிவிப்பதில்லை, தாளைப் பார்ப்பதில்லை. முழுக்க மனப்பாடம்.

ஒரு மெட்டுக்குப் பெரும்பாலும் இரண்டு பாகம், ஒவ்வொன்றும் எட்டு ஆவர்த்தனம் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒவ்வொரு பாகமும் இரண்டு தரம். இந்த முழுச் சுற்று மூன்று தரம் போனதும் நிறுத்தாமல் அடுத்த மெட்டுக்குத் தாவுவார்கள், அங்கிருந்து இன்னொன்றுக்கு. தாவுகிற இடத்தில் யாராவது "ஹப்!" என்று ஒரு சத்தம் கொடுப்பார்கள். ரீல் என்கிற நாலு எண்ணிக்கை வகையில் ஒரு முழுச் சுற்று முடிய ஏறக்குறைய முப்பத்தைந்து வினாடிதான் (ஃபோனில் அளந்தேன்). அதே சுற்றை நான் வீட்டில் வாசித்தால் நடுவில் ஒரு தோசை திருப்பிப் போடலாம்.

மூன்று மணி நேரம் இருந்தேன். அந்தப் பதினொன்றில் இரண்டு வந்தன என்று நினைக்கிறேன். நினைக்கிறேன் என்றுதான் சொல்ல முடியும், இதுதான் அது என்று பிடிபடுவதற்குள் அடுத்ததற்குப் போய்விட்டார்கள். விசில் பையை விட்டு வெளியே வரவே இல்லை.

பில் கொடுக்கும்போது பாரில் நின்றவரிடம் பட்டியலைக் காட்டினேன். சிரித்தபடி ஃபோனைத் திருப்பிக் கொடுத்துவிட்டு, "இதையெல்லாம் நம்பாதே, போகிற ஊரில் யாரையாவது கேள்" என்றார்.

இரண்டாம் நாள், செவ்வாய், எனிஸ்

காலையில் மெரியன் சதுக்கம் 73-ஆம் எண்ணில் இருக்கும் ஐரிஷ் மரபிசை ஆவணக் காப்பகத்துக்குப் போனேன். 1987-இல் தொடங்கியது. ஓ'நீலின் தொகுப்பைக் கண்ணால் பார்க்க வேண்டும் என்று வெகுநாளாக ஆசை. ஃபிரான்சிஸ் ஓ'நீல் கார்க் மாவட்டத்தில் பிறந்து, கப்பலேறி அமெரிக்கா போய், கடைசியில் சிகாகோ போலீஸுக்கே தலைவரானவர். போகிற வருகிற ஐரிஷ்காரர்களிடமெல்லாம் மெட்டு மெட்டாக வாங்கிச் சேர்த்து 1903-இல் 1850 மெட்டுகளைப் புத்தகமாகப் போட்டார். இதில் எனக்குப் பிடித்த விஷயம், மனிதருக்கு ஸ்வரம் எழுத வராது. அவர் வாசித்துக் காட்டுவார், அதே போலீஸில் வேலை பார்த்த இன்னொரு ஓ'நீல் எழுதிக்கொள்வார். அவருக்கு 1850 மெட்டு, எனக்குப் பதினொன்று. சரி, ரயிலுக்கு நேரமாயிற்று.

ஹியூஸ்டன் ஸ்டேஷனில் ஏறி லிமெரிக்கில் மாறி எனிஸ். வழியெல்லாம் மழை, மாடு, மழை.

எனிஸ் கிளேர் மாவட்டத்தின் தலைநகரம். கூட்டம் கூட்டமாக இசைக்காரர்கள் வந்து குவிகிற ஃபிளா கியோல் திருவிழா 2016, 2017 என்று அடுத்தடுத்து இரண்டு வருடம் இங்கேதான் நடந்தது. பட்டியலில் செவ்வாய்க்கிழமைக்கு எழுதியிருந்த பப்பில் செஷனே இல்லை, டி.வி.யில் கால்பந்து ஓடிக்கொண்டிருந்தது. டப்ளின்காரர் சொன்னபடி அங்கே கிளாஸ் துடைத்துக்கொண்டிருந்த பெண்ணைக் கேட்டேன். அடுத்த தெருவுக்குக் கைகாட்டினாள். "ஒன்பதரைன்னு போட்டிருப்பாங்க, பத்துக்குப் போ."

ஒன்பதரைக்கே போய்விட்டேன், பழக்கதோஷம். கணப்புக்குப் பக்கத்தில் நல்ல நாற்காலி காலியாக இருந்தது. உட்கார்ந்தேன். பத்து நிமிடத்தில் ஃபிடில் பெட்டியோடு ஒரு பெரியவர் வந்து என் முன்னால் நின்றார். ஒன்றும் சொல்லவில்லை, முகத்தில் கோபமும் இல்லை. என்னைப் பார்த்தார், நாற்காலியைப் பார்த்தார், ஜன்னலைப் பார்த்தார். பாரில் இருந்தவர்தான், "அது அவரோட இடம்பா, இருபது வருஷமா" என்றார். நம் ஊர்த் திண்ணையிலும் டீக்கடை பெஞ்சிலும் இது இல்லையா என்ன, எனக்குத்தான் புத்தி வரவில்லை.

இடம் மாறி வட்டத்துக்கு வெளியே ஒரு ஸ்டூலில் உட்கார்ந்தேன். பக்கத்தில் அறுபது வயது மதிக்கத்தக்க ஓர் அம்மா, மடியில் கான்செர்ட்டினா. கைக்கடக்கமான ஹார்மோனியம் மாதிரி ஒன்று, இரண்டு கையாலும் இழுத்து அமுக்கி வாசிப்பது. கிளேர் மாவட்டம் இதற்குப் பேர்போனது. என் பையிலிருந்து எட்டிப் பார்த்த விசிலை அவர் ஓரக்கண்ணால் பார்த்துவிட்டார். இடைவேளையில், "என்ன தெரியும்?" என்றார். "கேஷ் ஜிக்" என்றேன் (ஜிக் என்பது ஆறு எண்ணிக்கை வகை). உலகத்தில் எல்லாக் கற்றுக்குட்டிக்கும் தெரிந்தது அதுதான். "சரி, அதையே போடுவோம், மெதுவா" என்று மற்றவர்களிடம் சொல்லி ஆரம்பித்தும்விட்டார்.

வாழ்க்கையில் முதல்முறையாக மற்றவர்களோடு சேர்ந்து ஊதினேன். விரல் சரியாகத்தான் போனது, ஒரு துளைகூடத் தப்பவில்லை. ஆனால் வந்த சத்தம்! இரண்டு கல்யாண மண்டபத்துக்கு நடுவில் மாட்டிக்கொண்ட மாதிரி இருந்தது. இரண்டு வரியில் நிறுத்திவிட்டேன். அவர்கள் கண்டுகொள்ளாமல் முழுசாக வாசித்து முடித்தார்கள். அதுதான் பெரிய மனது. முடிந்ததும் அந்த அம்மா விசிலை வாங்கி, கண்ணாடியை நெற்றியிலிருந்து இறக்கி, குழலில் பொறித்திருந்த எழுத்தைப் படித்தார். "கண்ணு, இது சி விசில். நாங்க வாசிக்கிறது டி."

அதாவது அவர்களுக்கு இரண்டு கட்டை, எனக்கு ஒரு கட்டை. ஐந்து மாதமாக. மகள் சொன்னது என் வாசிப்பைப் பற்றியே இல்லை. அவள் வாசித்து முடித்த பிறகுதான் நான் வாசிப்பேன், ஒரு நாளும் சேர்ந்து வாசித்ததில்லை, அதனால் வித்தியாசம் உறைக்கவில்லை. பத்து வயதில் மூன்று வருடம் பாட்டு கிளாஸ் போனவன் என்று வெளியே சொல்லிக்கொள்ளவே வெட்கமாக இருக்கிறது.

மூன்றாம் நாள், புதன், எனிஸ்

காலை முதல் வேலையாகக் கஸ்டிஸ் இசைக்கடை. கூச்சத்தோடு விஷயத்தைச் சொன்னேன். கடையில் சிரிக்கக்கூட இல்லை, டி விசில்கள் செருகியிருந்த டப்பாவை என் பக்கம் நகர்த்தினார்கள். நாலைந்து ஊதிப் பார்த்து ஃபெடோக் கம்பெனி விசில் ஒன்று வாங்கினேன். ஒரு நல்ல சாப்பாட்டை விட விலை குறைவு. ஒரு ஆறுதல் என்னவென்றால், விரலுக்கு எல்லாம் ஒன்றுதான். சி-யில் பழகிய விரல் டி-யிலும் அப்படியே போகும், மறுபடி கற்க வேண்டியதில்லை. இங்கே செஷனில் ஓடுவதில் பெரும்பகுதி டி அல்லது ஜி, அதாவது இரண்டு கட்டை அல்லது ஐந்து கட்டை. ஒரே டி விசிலில் இரண்டையும் சமாளித்துவிடலாம்.

நேற்று அந்த அம்மா போகும்போது ஒரு முகவரி எழுதிக் கொடுத்திருந்தார். என் இருபத்து மூன்றில் அது இல்லவே இல்லை. ஊருக்கு வெளியே ஒரு சின்ன ஹால், சாயங்காலம் ஏழரைக்கு, ஆறு வயதிலிருந்து எழுபது வயது வரை யார் வேண்டுமானாலும் வரலாம். இதை ஸ்லோ செஷன் என்கிறார்கள். மரபிசைக்காக 1951-இல் ஆரம்பித்த கோல்தஸ் என்ற அமைப்புக்கு நாடெங்கும் கிளைகள் உண்டு, இப்படிப்பட்ட வகுப்புகளும் மெதுவான செஷன்களும் நிறைய அந்தக் கிளைகளால்தான் நடக்கின்றன. இன்றைக்குப் போனது அதைப் போன்ற ஒன்று, ஆனால் அக்கம்பக்கத்தார் தாங்களாகவே நடத்துவது.

இருபது பேர். பீர் கிடையாது, டீயும் பிஸ்கட்டும். பாதி வேகம். எனக்கு இடப்பக்கம் பத்து வயதுப் பையன், ஃபிடில். வலப்பக்கம் போன வருடம் ரிட்டயர் ஆனபிறகு புல்லாங்குழல் எடுத்த ஒரு முன்னாள் தபால்காரர். எனக்கு ஆறு எண்ணிக்கையில் அழுத்தம் எங்கே விழுகிறது என்று தடுமாற்றம். பையன் அலுத்துக்கொண்டே, "ரேஷர்ஸ் அண்ட் சாசேஜஸ்னு மனசுக்குள்ள சொல்லிக்கோங்க" என்றான். பன்றி இறைச்சித் துண்டும் சாசேஜும், காலைச் சாப்பாட்டுத் தட்டில் இருப்பது. ஜிக் தாளத்துக்கு இங்கே பிள்ளைகளுக்கு இப்படித்தான் சொல்லித் தருகிறார்களாம். நான் சைவம் என்பதால் தகிட தகிட என்று சொல்லிக்கொண்டேன். கச்சிதமாக உட்கார்ந்தது.

புது மெட்டு ஒன்றும் சொல்லிக் கொடுத்தார்கள். தாள் கிடையாது. நடத்துகிற பெண் நாலு ஸ்வரம் வாசிப்பார், நாம் திருப்ப வேண்டும், அப்புறம் அடுத்த நாலு. பாட்டு கிளாஸ் பாயில் உட்கார்ந்து சொல்லிய முறையேதான். ஒருவர் தாளை எடுத்து முன்னால் வைத்தபோது, "வீட்ல பாத்துக்கலாம், இங்க காது போதும்" என்றார். பதிவு செய்துகொள்ளலாமா என்று கேட்டேன், தாராளமாக என்றார்கள். கேட்காமல் செய்வது மட்டும் யாருக்கும் பிடிக்காது.

டீ நேரத்தில் தபால்காரர் எனக்குப் பாடம் எடுத்தார். தெரியாத மெட்டுக்கு ஸ்வரம் தேடிக்கொண்டு கூடவே முனகாதே. ஒருவர் ஆரம்பித்ததை முடிக்கவிடு. பௌரான் என்கிற ஆட்டுத்தோல் பறை ஏற்கெனவே ஒன்று ஒலித்தால் இரண்டாவதை எடுக்காதே, விசில்காரனுக்கு அந்தக் கவலை இல்லை. கூப்பிடும் வரை வெளிவட்டத்தில் இரு, கூப்பிட்டால் பிகு பண்ணாதே. கடைசிதான் முக்கியம் என்றார். நேற்று நாற்காலி விஷயத்தைச் சொன்னதும் பிஸ்கட் புரையேறும் அளவுக்குச் சிரித்தார்.

நான்காம் நாள், வியாழன், டூலின்

எனிஸிலிருந்து 350-ஆம் நம்பர் பஸ். மோஹர் பாறைகளில் எல்லாரும் இறங்கினார்கள், நானும் இறங்கி ஒரு மணி நேரம் காற்றில் நின்றுவிட்டு அடுத்த பஸ்ஸில் ஏறினேன். அதைப் பற்றி எழுத ஆயிரம் பேர் இருக்கிறார்கள்.

டூலின் ஒரு சின்னக் கடலோரக் கிராமம். விசில்காரர்களுக்கு இது மிக்கோ ரசலின் ஊர். 1915-இல் பிறந்து 1994-இல் இறந்தவர். அவரும் இரண்டு சகோதரர்களும் வாசிப்பதைக் கேட்கவென்றே எழுபதுகளில் வெளிநாட்டிலிருந்து இளைஞர்கள் இந்தக் கிராமத்துக்கு வந்தார்கள். அவருடைய பழைய பதிவுகளைக் கேட்டுப் பாருங்கள், ஜோடனை இருக்காது, அவசரம் இருக்காது, ஆனால் உட்கார்ந்தபடியே கால் தானாகத் தட்டும். கற்றுக்குட்டிக்கு இவரை விட நல்ல வாத்தியார் கிடையாது என்பது என் கட்சி. வேகமாக வாசிக்கிறவர்களைக் கேட்டுக் கேட்டு எனக்கு நாலு மாதம் வீணாயிற்று.

இரவு செஷன்தான் சப்பென்று போய்விட்டது. எந்தப் பப் என்பது வேண்டாம். அறை முழுக்க டூர் பஸ்ஸில் வந்தவர்கள், மூன்று பேர் ஒலிபெருக்கி வைத்து வாசிக்கிறார்கள், அருமையாகத்தான் வாசித்தார்கள், ஆனால் அது கச்சேரி. பல ஊர்களில் செஷன் நின்றுபோகாமல் இருக்க பப்காரரே இரண்டு மூன்று பேருக்குச் சம்பளம் கொடுத்து உட்கார வைக்கிறார். அவர்கள் நடு நாயகமாக இருக்க, மற்றவர்கள் சேர்ந்துகொள்ளலாம் என்பது ஏற்பாடு. இங்கே சேர்ந்துகொள்ள இடமும் இல்லை, தெம்பும் இல்லை. பக்கத்து மேசைக்காரர் மனைவியிடம், "ஆயிரம் வருஷமா இப்படியே வாசிக்கிறாங்க" என்று விளக்கிக்கொண்டிருந்தார்.

மெட்டுகளில் பலவற்றுக்கு வயது அதிகம்தான். பப்பில் கூடி வாசிப்பது அப்படி இல்லை. முன்பெல்லாம் இந்த இசை வீட்டு அடுப்படியிலும் நாற்சந்தியிலும் ஆட்டத்துக்காக வாசித்தது. 1935-இல் பொது நடனக்கூடச் சட்டம் வந்து, லைசென்ஸ் இல்லாமல் நடனம் கூடாது என்றதும், பாதிரிமாரும் போலீஸும் அதைக் காட்டி வீட்டு நடனங்களையும் ஒடுக்கினார்கள். அப்புறம் இரண்டாம் உலகப்போர் முடிந்து லண்டனுக்குக் கட்டட வேலைக்குப் போன ஐரிஷ்காரர்கள், வாடகை அறையில் வாசித்தால் வீட்டுக்காரி துரத்துவாள் என்பதால் பப்பில் கூடினார்கள். அந்தப் பழக்கம்தான் திரும்பி ஊருக்கு வந்தது. அந்தத் தம்பதியிடம் இதையெல்லாம் சொல்லவில்லை. சந்தோஷமாக இருந்தார்கள், எதற்குக் கெடுப்பானேன்.

ஐந்தாம் நாள், வெள்ளி, மில்டவுன் மால்பே

லாஹின்ச் வரை பஸ், அங்கிருந்து தங்குமிடத்துக்காரர் காரில் ஏற்றிக்கொண்டார். ஜூலை முதல் வாரத்தில் இந்த ஊர் தாங்காது. வில்லி கிளான்சி கோடைப் பள்ளி அப்போதுதான். கிளான்சி இந்த ஊர்த் தச்சர், இல்லன் பைப் வாசித்தவர். கைக்கு அடியில் துருத்தியை அமுக்கி வாசிக்கும் அந்தப் பைப்பை 2017-இல் யுனெஸ்கோ தன் பண்பாட்டு மரபுப் பட்டியலில் சேர்த்தது. அவர் இறந்த 1973-லேயே அவர் பெயரில் பள்ளியைத் தொடங்கிவிட்டார்கள். பள்ளிக்கூடம், வீட்டு ஹால், கிடைத்த அறையெல்லாம் வகுப்பு. நான் வந்தது ஜூன் நடுவில். தெருவில் ஒரு நாய், அதுவும் தூங்குகிறது.

செஷன் உண்டா என்று ரொட்டிக்கடையில் கேட்டேன். "இன்னிக்கு இல்லையே" என்றவர், உள்ளே யாரிடமோ பேசிவிட்டு வந்து, எதிர் பப்பில் நாலு மணிக்குத் தினமும் ஒருவர் ஃபிடிலோடு வருவார், போய் உட்கார் என்றார்.

போனேன். பகல் வெளிச்சம், ஈரக் கோட்டு வாசனை. ஃபிடில்காரருக்கு எண்பது இருக்கும். கூட ஒரு நடுத்தர வயதுக்காரர், பட்டன் அக்கார்டியன். கேட்பதற்கு என்னைத் தவிர பார்காரர் மட்டும். அரை மணி நேரம் வாயைத் திறக்காமல் ஆல்கஹால் இல்லாத கின்னஸை நக்கிக்கொண்டிருந்தேன். பெரியவர் திரும்பி, "பையில என்ன?" என்றார். எடுத்துக் காட்டினேன். "ஒண்ணு போடு."

பிகு பண்ணாதே. தபால்காரர் குரல்.

ஊதினேன். கேஷ் ஜிக், டி விசிலில், என் வேகத்தில். முதல் பாகம் இரண்டு தரம் சரியாக வந்தது. இரண்டாம் பாகம் மேலே ஏறும், மூச்சை இறுக்கிக் கொடுக்க வேண்டும். கொடுத்தேன், கீச்சென்று ஒரு பறவை பறந்தது, அதோடு அடுத்த ஸ்வரம் என்ன என்பதே மறந்துபோயிற்று. சுத்தமாக. அந்த வெற்றிடத்தில், நான் விட்ட அதே இடத்தில், அதே ஆமை வேகத்தில் ஃபிடில் நுழைந்தது. ஏதோ அப்படித்தான் ஏற்பாடு என்பது போல. நான் தொற்றிக்கொண்டேன். இரண்டாவது சுற்றில் அக்கார்டியனும் வந்தது. பெரியவரின் வில் என் மூச்சுக்குக் காத்திருந்து காத்திருந்து நகர்வது தெரிந்தது. நான் மூச்சு வாங்கும் இடத்தில் அவர் ஸ்வரத்தைக் கொஞ்சம் நீட்டிப் பிடித்துக்கொண்டார். மூன்று சுற்றும் முடித்தோம். அவர் "ஹப்" என்றார், சத்தம் போடாமல், இருமுகிற மாதிரி, அடுத்த மெட்டுக்கு அவர்கள் இருவரும் தாவிவிட்டார்கள். எனக்கு அது தெரியாது. விசிலை மடியில் வைத்துவிட்டு ஒரு வாய் குடித்தேன்.

ஆறு மணிக்குப் பெட்டியை மூடும்போது, "அடுத்த வெள்ளி வருவியா?" என்றார். டப்ளின் என்றேன். "ஓ, ரொம்ப தூரம்" என்று ரொம்ப வருத்தமாகத் தலையாட்டினார்.

ஆறாம் நாள், சனி, வீடு

ரயிலில் எக்செல்லைத் திறந்து பார்த்தேன். இருபத்து மூன்றில் நேரில் போய்ப் பார்த்தது மூன்று, அதில் ஒன்று கால்பந்து. நான் வாசித்த மூன்று இடத்தில் ஒன்றுகூட அதில் இல்லை. ஃபைலை அழிக்கவில்லை, கடைசியில் ஒரு பத்தி சேர்த்து "யாரைக் கேட்டேன்" என்று தலைப்புப் போட்டிருக்கிறேன்.

இரவு சாப்பிட்டபிறகு மகளிடம் சி, டி கதையைச் சொன்னேன். "நான்தான் அப்பவே சொன்னேன்ல" என்று தன் விசிலை எடுத்துக்கொண்டு வந்தாள். முதல் தடவையாகச் சேர்ந்து கேஷ் வாசித்தோம். இரண்டாம் பாகம் வருவதற்குள் அவள் காபிள்ஸ்டோன் வேகத்துக்குப் போய்விட்டாள். மெதுவா, மெதுவா என்று கத்தினேன், விசில் வாயில் இருந்ததால் அதுவும் கீச்சென்றுதான் வந்தது.